வின்டர்பெர்க்கில் எத்தனை சென்டிமீட்டர்

சோதிலிங்கம் பனிச்சறுக்கு மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஜெர்மனிக்கு வந்த எட்டு வருஷத்தில், பனி என்றால் அவருக்கு வழுக்கி விழாமல் பஸ் தரிப்புக்குப் போய்ச் சேரும் பாடு மட்டும்தான். அப்படிப்பட்ட மனிதர், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பிறந்ததிலிருந்து, காலையில் வேலைக்கு இறங்கும் முன் இரண்டு ஊர்களுக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே எத்தனை சென்டிமீட்டர் பனி கிடக்கிறது என்று கேட்டு, கலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டு வந்தார்.

ஒன்று வின்டர்பெர்க். மற்றது வில்லிங்கன். இரண்டும் ஒரே மலைப்பக்கத்தில் இருக்கும் ஊர்கள். காரில் போனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. எண்ணைச் சுழற்றினால் பதிவு செய்து வைத்த குரல் ஒன்று பேசும். வின்டர்பெர்க்கில் ஒரு பெண், கடையில் சாமான் விற்பவள் மாதிரி உற்சாகமாகப் பேசுவாள். வில்லிங்கனில் ஒரு ஆண், தடிமன் பிடித்து மூக்கடைத்த குரல். அடிவாரத்தில் இவ்வளவு, உச்சியில் இவ்வளவு, இத்தனை லிஃப்ட் ஓடுகிறது என்று இருவரும் சொல்லி முடிப்பார்கள். சோதிலிங்கத்துக்கு ஜெர்மன் அரைகுறைதான். ஆனால் எண்கள் தவறாது.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய மகள் ஆதிரை.

ஆதிரைக்கு அப்போது பதினொரு வயது. தாய் சிவமலரோடு காஸலுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில், அகதிகள் விடுதியில் இரண்டு அறைகளில் இருந்தாள். சோதிலிங்கம் வுப்பர்டாலில் இருந்தார். நடுவில் இருநூறு கிலோமீட்டர் இருக்கும். அது ஒரு தூரமே இல்லை. தூரம் அவருடைய சட்டைப் பையில் கிடந்த தாளில்தான் இருந்தது. குறுக்கே சிவப்புக்கோடு போட்ட அந்தத் தாளை டுல்டுங் என்பார்கள். உன்னைத் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பது. அதன் அடியில் ஒரு வரி: நோர்த்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. சிவமலரிடமும் அப்படி ஒரு தாள் இருந்தது. அதில் ஹெஸ்ஸன் மாநிலம் என்று இருந்தது.

அவர் முதலில் வந்தவர். தாயும் மகளும் ஐந்து வருஷம் கழித்து வேறு ஏஜென்சி, வேறு பாதை என்று வந்து சேர்ந்தார்கள். பெயர் பதிந்த இடத்தில் கந்தோர்க்காரர் அவர்களை ஹெஸ்ஸனுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கல்யாணப் பதிவுத் தாள் ஊரில் சண்டைக்கு இடம்பெயர்ந்த காலத்திலேயே தொலைந்துபோனது. தாள் இல்லாத கல்யாணத்தைக் கந்தோர் ஏற்கவில்லை. சேர்த்து வைக்கச் சொல்லிப் போட்ட விண்ணப்பம், அவர்கள் சொல்லும் அன்ட்ராக், மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாயிரத்து நாலில் ஒரு தடவை இரண்டு நாள் அனுமதி கிடைத்தது. அப்போது ஆதிரைக்கு எட்டு வயது. முதல் நாள் முழுக்கத் தாயின் பின்னால் ஒளிந்திருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம்தான் அவர் மடியில் வந்து இருந்தாள். மூன்று மணிக்கு அவருக்கு ரயில்.

அடுத்த வருஷம் அவளுடைய பிறந்தநாளுக்கு அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. கேட்காமலே போனார். காஸல் ஸ்டேஷனில் இறங்கியதும் இரண்டு பொலிஸ்காரர்கள் அத்தனை பேருக்குள்ளும் அவரைத் தேடி வந்து தாளைக் கேட்டார்கள். கையில் வைத்திருந்த கேக் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். குற்றப்பணம், கோர்ட்டுக் கடிதம் எல்லாம் வந்தன. வக்கீல் விரலை நீட்டிச் சொன்னார்: “இன்னொரு முறை பிடிபட்டால் உங்கள் மூன்று பேரின் அன்ட்ராக்கும் அதோடு சரி. முடிவு வரும்வரை அந்த எல்லைப் பக்கம் கால் வைக்காதீர்கள்.”

அன்றிலிருந்து அவர் வைக்கவில்லை. புதனும் ஞாயிறும் தொலைபேசியில் கதைப்பதோடு சரி.

மார்கழி விடுமுறை முடிந்த முதல் ஞாயிறு, ஆதிரை மூச்சு விடாமல் சொன்னாள்.

“அப்பா, எங்கட வகுப்பு முழுக்க ஸ்கீ பழகப் போறம். ஒரு நாள். பெப்ரவரியில. எங்கட ரீச்சர் ஃபிராவ் ராய்ட்டர் சொன்னவா, வில்லிங்கனுக்கும் போகலாம், வின்டர்பெர்க்குக்கும் போகலாமாம். எங்க ஸ்னோ கூடுதலா இருக்கோ அங்கதானாம்.”

சோதிலிங்கம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“எங்கயெண்டு சொன்னனீங்கள், பிள்ளை? வின்டர்பெர்க்கோ?”

“ஓம். அது கொஞ்சம் தூரமாம். மற்ற மாநிலமாம். எங்கட விடுதிப் பிள்ளைகளுக்கு ஃபிராவ் ராய்ட்டர் கந்தோரில அனுமதி எழுதி வாங்குவா.”

மற்ற மாநிலம். அதாவது அவருடைய மாநிலம். பிள்ளைகளின் பஸ் வின்டர்பெர்க்குக்கு வந்தால், அவர் ஒரு டிக்கெட் எடுத்து ரயில் ஏறிப் போய், எந்தப் பொலிஸ்காரனுக்கும் பயப்படாமல் மகளின் முன்னால் நிற்கலாம். சட்டத்தில் எங்கும் தவறில்லை.

“அப்பா, நீங்க வாறீங்களோ?” என்று அவள் கேட்கவில்லை. அவரும் “வாறன்” என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டாச்சா, படிச்சாச்சா என்று வேறு கதைக்குப் போனார்கள்.

அந்தக் குளிர்காலம் குளிர்காலமாகவே இல்லை. மார்கழியில் மழை, தையிலும் மழை. இரண்டு ஊர்களும் காலை காலையாகப் பூச்சியம் சொல்லின. வேலை செய்யும் இடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். வுப்பர்டாலில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் பெரிய லாண்டரி அது. சோதிலிங்கமும் இமெல்டாவும் ஒரே இயந்திரத்தின் வாயில் எதிரெதிரே நின்று, சூடாக வெளியே வரும் விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்பார்கள். இமெல்டா பாசையூர்க்காரி. அவரை விட எட்டு வயது மூத்தவர், புருஷனை இழந்தவர், எண்பத்தைந்திலேயே வந்து ஜெர்மன் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டவர்.

“இண்டைக்கு எவ்வளவு, தம்பி?” என்று தினமும் கேட்பார்.

“ரெண்டிலயும் ஒண்டும் இல்லை அக்கா.”

“கவலைப்படாத. வின்டர்பெர்க் உயரமான இடம். விழுந்தா முதல்ல அங்கதான் விழும்.”

சோதிலிங்கமும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். ஓய்வு நாளில் நகர நூலகத்துக்குப் போய் அங்கிருந்த கணினியில் இரண்டு ஊர்களின் கமெராப் படத்தையும் பார்த்தார். பச்சைச் சரிவில் லிஃப்ட் கதிரைகள் சும்மா தொங்கின. வில்லிங்கன் படத்தைத்தான் அவர் கூடுதல் நேரம் பார்த்தார். சிவமலர் இருக்கும் மாநிலத்தின் புல், சிவமலர் இருக்கும் மாநிலத்தின் மழை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை படம் மாறும் என்று போட்டிருந்தது. மாறும் வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.

தை மாத நடுவில் பெரும் புயல் ஒன்று அடித்தது. நாடு முழுக்க ரயில்கள் நின்றன. அந்த மலைப்பக்கத்துக் காடுகளில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். புயல் போன பிறகுதான் குளிர் வந்தது. ஒரு புதன்கிழமை காலை வின்டர்பெர்க்காரியின் குரலில் சந்தோஷம் கட்டுக்கடங்கவில்லை. எட்டு சென்டிமீட்டர்! சோதிலிங்கம் எழுதினார். வில்லிங்கன்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஐந்து என்றார். அதையும் எழுதினார்.

அன்று பின்னேரம் ஆதிரையிடம் அவர் முதலில் கேட்டது அதைத்தான்.

“எனக்குத் தெரியும் அப்பா,” என்றாள். “வகுப்பில பெரிய பேப்பர் ஒட்டியிருக்கு. சிவப்பு வின்டர்பெர்க், நீலம் வில்லிங்கன். காலமை ஒராள் ஸ்கூல் கொம்பியூட்டரில பாத்துக் கீறவேணும். அது நான்தான். நான் கையை உயத்தினனான்.”

அடுத்த கிழமை நிலைமை மாறியது. வில்லிங்கனில் புதிதாக வாங்கிய இயந்திரங்களால் பனி செய்து சரிவில் ஊதினார்கள். அதற்கு மேல் அந்தப் பக்கமாகவே ஒரு இரவு கொட்டியும் விட்டது. வெள்ளிக்கிழமை காலை: வின்டர்பெர்க் பன்னிரண்டு. வில்லிங்கன் இருபத்திரண்டு. சோதிலிங்கம் மறுபடி ஒருமுறை எண்ணைச் சுழற்றிக் கேட்டார். தடிமன்காரர் அதையேதான் சொன்னார்.

வில்லிங்கனில் மழை பெய்ய வேண்டும் என்று அவர் பஸ்ஸில் போகும்போது வேண்டிக்கொண்டார். பிறகு, தன் பிள்ளை விளையாடப் போகும் இடம் கரைந்துபோக வேண்டும் என்று நினைத்ததை நினைத்து வெட்கப்பட்டார். ஆனால் மறுநாள் காலையிலும் அதையேதான் வேண்டினார்.

ஞாயிறு ஆதிரை சொன்னாள்: “அப்பா, வின்டர்பெர்க் இருபத்தஞ்சு. வில்லிங்கன் பதினொண்டு.”

“எப்ப பாத்தனீங்கள்?”

“வெள்ளிக்கிழமை. பேப்பரில கீறியாச்சு.”

அவருடைய முழங்காலில் கலண்டர் தாள் இருந்தது. பார்த்தார். ஏதோ தவறாக எழுதிவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு விளங்கியது. கையை உயர்த்தி அந்த வேலையைக் கேட்டு வாங்கினாளே, அது ஏன் என்பதும் சேர்த்து விளங்கியது.

“சரி பிள்ளை,” என்றார். “நல்லது.”

புதன்கிழமையும் அப்படித்தான். அவருடைய தாளில் வில்லிங்கன் இருபத்தாறு, வின்டர்பெர்க் பதினாறு. அவளுடைய பேப்பரில் எல்லாம் தலைகீழ். அவர் “சரி” என்றார்.

“சின்னப்பிள்ளை கள்ளக் கணக்குப் போடுது அக்கா,” என்று மறுநாள் இமெல்டாவிடம் சொன்னார். “நானும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறன்.”

இமெல்டா விரிப்பின் முனையைப் பிடித்தபடியே நின்றார். இயந்திரம் அடுத்ததைத் தள்ளியது. “சொல்லுறதெண்டா இண்டைக்கே சொல்லு, தம்பி. சொல்லாட்டி உனக்கு அதில பாதிப் பங்கு.”

அவர் சொல்லவில்லை. எந்த ஊர் என்று வகுப்பில் வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்கள். இன்னும் ஒரு நாள்தானே. அதற்குள் நிஜமாகவே வின்டர்பெர்க்கில் கொட்டிவிட்டால் பொய் பொய்யில்லாமல் போய்விடும் என்று ஒரு அசட்டு எண்ணம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கதைக்கும் நாள் இல்லாத நாளில், சிவமலரின் அழைப்பு வந்தது. அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஸ்கூலுக்குக் கூப்பிட்டவை,” என்றாள். “இவள் பொய் பொய்யா எழுதி வைச்சிருக்கிறாள். வகுப்பில ஒரு பெடியன் போன கிழமை தாய் தேப்பனோட வில்லிங்கன் போனவனாம். முழங்கால் மட்டத்துக்கு ஸ்னோ எண்டு சொல்லியிருக்கிறான். பேப்பரில பத்து பதினொண்டு எண்டு நிக்குது. ரீச்சர் எல்லாத்தையும் திருப்பிப் பாத்திருக்கிறா. ஒவ்வொரு நாளும் பொய். ஏனெண்டு கேட்டா வாய் திறக்கிறாள் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால நான் வெக்கங்கெட்டு நிண்டன்.”

சோதிலிங்கம் ஒற்றைச் சப்பாத்தோடு கட்டிலில் இருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமோ?” என்றாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நானும் தினமும் போனில கேக்கிறனான். அவள் சொன்ன கணக்கு வேற எண்டு தெரியும்.”

மறுபக்கம் விடுதியின் நடையில் யாரோ பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

“தெரிஞ்சுகொண்டும் சும்மா இருந்தனீங்களோ,” என்றாள் சிவமலர். கோபமாகச் சொல்லத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. “என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே. நானும் கும்பிட்டிருப்பன், வின்டர்பெர்க் எண்டு.”

பிறகு நிதானித்துச் சொன்னாள். ஆசிரியையிடம் கடைசியில் சிவமலரே தெரிந்த ஜெர்மனில், வின்டர்பெர்க் என்றால் தகப்பன் வரலாம் என்ற விஷயத்தைச் சொன்னாளாம். ஃபிராவ் ராய்ட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாராம். ஆனால் இருபத்தாறு பிள்ளைகளுக்கும் சொன்ன சொல், பனி அதிகம் இருக்கும் இடம் என்பது. வில்லிங்கன்தான். பஸ்ஸும் பதிந்தாகிவிட்டது. வருகிற வியாழன்.

“இவள் போகமாட்டனெண்டு நிக்கிறாள். நீங்க கதையுங்கோ.”

ஆதிரையின் மூச்சு மட்டும் கேட்டது.

“பிள்ளை.”

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார்.

“குஞ்சு, அப்பா ஏசமாட்டன். நீங்க போகவேணும். எல்லாப் பிள்ளைகளும் போகேக்க நீங்க மட்டும் வீட்டில நிண்டா அப்பாக்கு அண்டைக்கு வேலை ஓடாது.”

“நான் போகேல்லை.”

“அப்ப ஒண்டு செய்வம். நான் அண்டைக்கு லீவு எடுத்து வின்டர்பெர்க்குக்குப் போறன். நீங்க அங்கால ஸ்னோவில நில்லுங்கோ. நான் இங்கால நிக்கிறன்.”

“அதால என்ன பிரயோசனம்?”

அவருக்கும் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருந்தார்.

“ஒரு பிரயோசனமும் இல்லைதான்,” என்றார். “சும்மா. ஒரே நேரத்தில நிப்பம்.”

அவள் கேட்டாள்: “உண்மையாப் போவீங்களோ?”

“உண்மையா.”

இமெல்டா தன் புருஷனின் பனிச் சப்பாத்துகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். பத்து வருஷமாகப் பெட்டியிலேயே இருந்தவை. அளவு கொஞ்சம் பெரிது. இரண்டு காலுறை போட்டால் சரியாக இருக்கும் என்றார்.

வியாழன் காலை சோதிலிங்கம் ஹாகனில் ரயில் மாறினார். காஸல் வரை போகும் ரயில் அது. பலகையில் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தார். வின்டர்பெர்க்குக்குப் போக வழியில் பெஸ்ட்விக் என்ற இடத்தில் இறங்கிச் சின்ன ரயிலில் ஏற வேண்டும். பெஸ்ட்விக் வருவதற்கு மூன்று ஸ்டேஷன் முன்பே எழும்பிக் கதவடியில் போய் நின்றுகொண்டார். தூங்கிவிடுவோமோ என்ற பயம் இல்லை. இறங்க மனமில்லாமல் இருந்துவிடுவோமோ என்ற பயம்.

சின்ன ரயில் மேலே ஏற ஏற வெள்ளை கூடியது. இரண்டு பக்கமும் புயலில் சாய்ந்த மரங்கள், அடுக்குக் குலைந்த விறகு மாதிரி, பனிக்குள் பாதி புதைந்து கிடந்தன. வின்டர்பெர்க்கில் இறங்கியபோது தெரு முழுக்க ஹொலண்டுக்காரர்கள். பிள்ளைகளைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். கறுத்த மனிதர் ஒருவர் தனியாக, பெரிய சப்பாத்தும் மெல்லிய கோட்டுமாக நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. பொலிஸ்காரன் ஒருவன்கூட அவரைக் கடந்து போனான். சோதிலிங்கத்தின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. அவன் “மொர்கன்” என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சரிவுக்குப் போகும் வழியில் ஒரு பஸ் தரிப்பு. அங்கே சின்ன பஸ் ஒன்று இயந்திரம் ஓடியபடி நின்றது. நெற்றியில் வில்லிங்கன் என்று இருந்தது. பனிக்காலத்தில் இரண்டு ஊருக்கும் இடையே ஓடும் பஸ்.

அவர் நின்றுவிட்டார். பக்கத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தார். பத்து ஐம்பதுக்கு இங்கே. பதினொன்று முப்பதுக்கு வில்லிங்கன். நாற்பது நிமிஷம். இந்த மலைக்குள் யார் வந்து தாள் கேட்கப் போகிறார்கள்? இவ்வளவு சனத்துக்குள், இவ்வளவு சந்தோஷத்துக்குள்? போய், ஒரு ஓரமாக நின்று, நீலமோ சிவப்போ ஏதோ ஒரு தொப்பி போட்ட பிள்ளையைத் தூரத்தில் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

கதவு திறந்தது. அவர் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே வெப்பம் முகத்தில் அடித்தது.

“வாறீங்களா?” என்று சாரதி ஜெர்மனில் கேட்டார். வயதான மனிதர். அவசரமில்லாத குரல்.

சோதிலிங்கத்துக்கு வக்கீலின் விரல் ஞாபகம் வரவில்லை. காஸல் ஸ்டேஷன் ஞாபகம் வரவில்லை. சிவமலர் “நானும் கும்பிட்டிருப்பன்” என்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக ஒரு தாளுக்காக அவள் அந்த இரண்டு அறையில் காத்துக் கிடக்கிறாள். அவர் ஒருவரின் நாற்பது நிமிஷ ஆசைக்கு அவளுடைய மூன்று வருஷத்தையும் வைத்து விளையாடுவதா?

“இல்லை,” என்றார். “இண்டைக்கு இல்லை.”

காலை எடுத்தார். கதவு மூடியது. பஸ் வளைவில் திரும்பி மறையும் வரை நின்றார். பிறகு சரிவின் அடியில் வேலி ஓரமாகப் போய், அங்கே காலடி படாத பனியாகப் பார்த்து நின்றுகொண்டார். கைத்தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபிராவ் ராய்ட்டர் தன்னுடையதைத் தருவதாகச் சொல்லியிருந்தாராம்.

பன்னிரண்டரைக்கு அடித்தது.

“அப்பா! நான் எட்டுத்தரம் விழுந்தன்!”

“நோகேல்லையோ?”

“இல்லை. கடைசியா விழாமல் வந்தன். அடிவாரம் வரைக்கும். எல்லாரும் கை தட்டினவை. அப்பா, நீங்க போனனீங்களோ?”

“ஓம் பிள்ளை. நிக்கிறன். ஸ்னோவுக்குள்ள நிக்கிறன்.”

“எங்கள லிஃப்டில மேல கூட்டிக்கொண்டு போனவை. ஃபிராவ் ராய்ட்டர் கையைக் காட்டினவா, அங்கால தெரியிற மலை எல்லாம் மற்ற மாநிலம் எண்டு. நான் நல்லாப் பாத்தன். உங்களுக்கு இங்கால தெரியுதோ?”

அவர் திரும்பிப் பார்த்தார். லிஃப்ட் கம்பியும், அதற்கு மேல் மூட்டமும்தான். “தெரியுது,” என்றார்.

“உங்கட பக்கம் எவ்வளவு ஸ்னோ?”

அவர் குனிந்து கையை விட்டார். சில்லென்று ஏறியது. “மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல.”

அங்கே அவளும் குனிந்திருக்க வேண்டும். குரல் தள்ளிப்போய் வந்தது. “எனக்கு முழங்கை மட்டும் போகுது.”

“அப்ப வில்லிங்கன்தான் கூட.”

“ஓம்,” என்றாள். பிறகு மெதுவாக, “அப்பா, நான் பொய் எழுதினது...”

“நான் தெரிஞ்சுகொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தனான். ரெண்டு பேருமாத்தான் செய்தது. சரியோ?”

அவள் சிரித்தது மாதிரியும் இருந்தது, மூக்கை உறிஞ்சியது மாதிரியும் இருந்தது. பின்னால் யாரோ ஜெர்மனில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“அப்பா, கெதியாச் சொல்லுங்கோ, நீங்க எவ்வளவு உயரம்?”

“ஏன்?”

“எனக்கு ஞாபகம் வரேல்லை. அம்மா சொல்லுறா தன்னை விட உயரம் எண்டு. நான் இப்ப அம்மான்ர காது மட்டும் வந்திட்டன்.”

“அஞ்சடி ஆறங்குலம்.”

“அது எனக்கு விளங்காது. சென்டிமீட்டரில சொல்லுங்கோ.”

சோதிலிங்கம் தடுமாறினார். தன்னைச் சென்டிமீட்டரில் அவர் அளந்ததே இல்லை. விரலை மடித்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். கை விறைத்துப்போய் இருந்தது. “நூற்றி அறுபத்தேழு... அறுபத்தெட்டு. ஓம், நூற்றி அறுபத்தெட்டு.”

“நூற்றி அறுபத்தெட்டு,” என்று அவள் திருப்பிச் சொன்னாள், எழுதி வைத்துக்கொள்பவள் மாதிரி. “சரி அப்பா. நான் போனைக் குடுக்கவேணும். வைக்கிறன்.”

வைத்துவிட்டாள்.

அவர் அந்த இடத்திலேயே நின்றார். ஹொலண்டுக்காரக் குடும்பம் ஒன்று வந்து, தங்களைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கமெராவை நீட்டியது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். எடுத்தார். படம் அசைந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தது. “பொறுங்கோ, இன்னொண்டு எடுப்பம்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். அவர்களுக்கு எப்படியோ விளங்கியது. இன்னும் நெருக்கமாகச் சேர்ந்து நின்றார்கள்.

மறுநாள் லாண்டரியில் இமெல்டா வழக்கம்போல் விரிப்பின் முனையை எடுத்து நீட்டினார். சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “வைச்சிரு தம்பி, இன்னும் எத்தனை பனிக்காலம் இருக்கு,” என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் போனது. அந்த வருஷம் கந்தோரிலிருந்து ஒன்றும் வரவில்லை. சட்டத்தில் ஏதோ மாற்றம் வந்து, வக்கீல் புதிதாக ஒரு அன்ட்ராக் எழுதி, அது இன்னொரு பனிக்காலத்தையும் ஒரு கோடையையும் தின்றது. இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில்தான் கடிதம் வந்தது. சிவப்புக்கோடு இல்லாத தாள் வந்தது. இரண்டு பைகளோடு, அதே காஸல் ரயிலில், பெஸ்ட்விக்கில் இறங்காமல், சோதிலிங்கம் போய்ச் சேர்ந்தார்.

அவர்கள் அப்போது விடுதியை விட்டு ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள். முதல் கிழமை முழுக்க ஆதிரை மிகவும் மரியாதையாக இருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொண்டாள். பதின்மூன்று வயது. தொலைபேசியில் அவர் கேட்டுப் பழகிய குரல் இவளிடம் இல்லை. இவள் குரல் கொஞ்சம் தாழ்ந்து, பாதி ஜெர்மனாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, “போட்டு வாறன் அப்பா,” என்றாள். தொலைபேசியை வைக்கும்போது இத்தனை வருஷமும் இதை அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாலு மணிக்கு அவர் ஜன்னலடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆறு மணிக்கு வருவாள்,” என்றாள் சிவமலர், குசினியிலிருந்து. “அதுக்கு முந்தி வரமாட்டாள். நீங்க வந்து சாப்பிடுங்கோ.”

“ஓம், வாறன்,” என்றார் சோதிலிங்கம். ஆனால் எழும்பவில்லை. தெருவின் அந்தக் கோடியில் பிள்ளைகள் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். யார் என்று பார்த்தார். அவள் இல்லை.